கிட்டார் ஆம்பின் பவர் வால்வுகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரே வேலைக்கு 6எல்6, இஎல்34 என்று இரண்டு வகை வால்வு எதற்கு?

எல்லாம் காப்புரிமை செய்த வேலை. வால்வு என்பது எலெக்ட்ரான் ஓட்டத்தைக் கொண்டு ஒலிக் குறிப்பைப் பெருக்கும் குழாய். டெட்ரோடு எனும் நான்கு மின்முனை கொண்ட பழைய வால்வில் ஒரு தொல்லை இருந்தது. பிளேட்டில், அதாவது கடைசியில் போய்ச் சேரும் தகட்டில், வந்து மோதும் எலெக்ட்ரான்கள் அங்கிருந்து வேறு எலெக்ட்ரான்களைத் தெறிக்கவிடும். தெறித்தவை பக்கத்தில் உள்ள ஸ்கிரீன் கிரிட் என்ற கம்பி வலைக்கு ஓடிவிடும். 1926-ல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் டெல்லெகன் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கிரிட் ஒன்றை வைத்து அதைத் தடுத்தார். அதுதான் பென்டோடு. அந்தக் காப்புரிமையில் கைவைக்காமல் அதே பலன் வேண்டும் என்று இங்கிலாந்தின் இஎம்ஐ பொறியாளர்கள் புல், ரோடா இருவரும் எலெக்ட்ரான்களைக் கற்றையாகக் குவித்தார்கள். அந்த நெரிசலே தெறித்ததைத் திருப்பித் தள்ளிவிடும். எவ்வளவு அழகான யோசனை! அந்த வழியில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1936-ல் கொண்டுவந்தது 6எல்6. முதலில் வந்தது கண்ணாடிக் குடுவையில் அல்ல, உலோக உறையில். இஎல்34 பென்டோடு வழியில் வந்தது.

கேள்வி: இஎல்34 இருந்தால்தான் மார்ஷல் ஒலியா?

இல்லை. ஃபெண்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டைப் பார்த்து மார்ஷல் நிறுவனம் செய்த முதல் ஜேடிஎம்45 ஆம்புகளில் இருந்தது 5881, அதாவது 6எல்6 குடும்பம். அப்புறம் கேடி66 என்ற வால்வு. இஎல்34 வந்தது 1960-களின் பிற்பாதியில். 1970-களில் அமெரிக்காவுக்குப் போன பல மார்ஷல்களில் 6550 என்ற வால்வு இருந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஸ்பீக்கருக்கும் ஒலியில் பெரிய பங்கு உண்டு. வால்வை மட்டும் கொண்டாடுவது சரியல்ல.

கேள்வி: 6எல்6-ஐக் கழற்றிவிட்டு இஎல்34 போடலாமா?

சாக்கெட்டில் உட்காரும். அதை நம்பிப் போட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன மூன்றாவது கிரிட் இஎல்34-ல் 1-ம் பின்னில் இருக்கிறது. அதை எலெக்ட்ரான்கள் கிளம்பும் முனையான கேத்தோடோடு, அதாவது 8-ம் பின்னோடு இணைக்க வேண்டும். 6எல்6 ஆம்பில் அந்த இணைப்பு பெரும்பாலும் இருக்காது. கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டர் 6எல்6-க்கு 0.9 ஆம்பியர் எடுக்கும், இஎல்34-க்கு 1.5. நான்கு வால்வு என்றால் 2.4 ஆம்பியர் கூடுதல். டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பார்த்து, பயாஸையும், அதாவது வாசிக்காதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவையும், புதிதாக வைக்க வேண்டும். அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் நிற்கும். பழக்கமில்லாதவர்கள் உள்ளே கைவிட வேண்டாம்.

கேள்வி: வால்வுக்குள் நீல ஒளி தெரிகிறது. ஆபத்தா?

கண்ணாடியின் உட்சுவரை ஒட்டி, வாசிக்கும்போது கூடிக் குறையும் நீலம் என்றால் பயமில்லை. சாம்பல் நிறப் பிளேட்டில் மங்கலாக ஒரு சிவப்புத் திட்டு தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.