ஃபுல் இன்ஷூரன்ஸ் என்றால் எல்லாமே கிடைக்குமா?

கேள்வி: என் காருக்கு ஏழு வயது ஆகிறது. இனிமேல் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் போட்டால் போதாதா? பிரீமியம் ரொம்பவே குறைகிறதே?

பதில்: குறையத்தான் செய்யும், ஏனென்றால் அந்த பாலிசியில் உங்கள் காருக்கு எதுவுமே இல்லை. நீங்கள் மோதியதில் இன்னொருவருக்குக் காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால், அல்லது அவருடைய வண்டியோ சுவரோ சேதமானால், நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டை நிறுவனம் தரும், அவ்வளவுதான். அடிபட்டவர் கைவிடப்படக் கூடாது என்பதற்காகத்தான் பெரும்பாலான நாடுகளில் இதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. உங்கள் கார் நசுங்கினாலும் திருடு போனாலும் செலவு உங்களுடையது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை, காரை ஓட்டும் நீங்கள் 'மூன்றாம் நபர்' கிடையாது, அதனால் உங்களுக்கென்று தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

காரின் வயதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நாளைக்கே இந்தக் கார் இல்லாமல் போனால் கையில் இருக்கும் பணத்தில் இன்னொன்று வாங்க முடியுமா? முடியாது என்றால், உங்கள் காரின் சேதத்துக்கும் திருட்டுக்கும் சேர்த்தே பணம் தரும் ஃபுல் இன்ஷூரன்ஸையே தொடருங்கள். கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவர்களே பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தும் ரிப்பேர் பில்லில் ஒரு பகுதியை நானே கட்ட வேண்டியதாயிற்று. ஏமாற்றுகிறார்களா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் பாலிசி எடுக்கும்போதே உங்களுக்கு இதை விளக்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு க்ளெய்மிலும் ஒரு குறிப்பிட்ட தொகை உங்கள் பங்கு என்று பாலிசியிலேயே எழுதியிருப்பார்கள். அதோடு, பழைய பம்பருக்குப் பதில் புதியது மாட்டினால் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு கொடுக்கும் பாலிசிகளும் உண்டு, அந்தக் கழிவு வேண்டாம் என்றால் 'ஜீரோ டெப்' என்ற கூடுதல் காப்பீட்டைச் சேர்க்க வேண்டும். பிரீமியத்தைக் குறைப்பதற்காகக் காரின் மதிப்பைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், கார் திருடு போனால் அந்தக் குறைந்த தொகைதான் கைக்கு வரும்.

கேள்வி: வெள்ளத்தில் கார் மூழ்கினால் பணம் கிடைக்குமா?

பதில்: தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் கிடைக்காது. ஃபுல் இன்ஷூரன்ஸில் பொதுவாக வெள்ளமும் அடங்கும், ஆனால் சிக்கல் இன்ஜினில்தான் வரும். தண்ணீர் வடிந்ததும் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்து பார்ப்போம் இல்லையா, அப்போது சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று க்ளெய்மை மறுக்க இடம் இருக்கிறது. இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு கூடுதல் காப்பீடு இருப்பதே இதற்காகத்தான். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் தயவுசெய்து சாவியைத் திருகாதீர்கள். நின்ற இடத்திலேயே படம் எடுத்து வையுங்கள், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், அப்புறம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம்.