அந்தப் பெண்களை அழவைத்தது யார்?

கேள்வி: அந்தக் கால அமெரிக்கக் காதல் காமிக்ஸ்களைப் போன இதழில் பாராட்டியிருந்தீர்கள். கண்ணீர் விடும் பெண், கைவிடும் காதலன், கடைசியில் கல்யாணம். இதைத் தவிர அவற்றில் என்ன இருக்கிறது? பதினாறு வயதுப் பெண்களை அசடுகளாகக் காட்டிய குப்பையைக் கொண்டாட வேண்டுமா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: நீங்கள் எந்த வருடத்துக் காமிக்ஸைப் படித்தீர்கள்? 1954-க்கு முந்தையதா, பிந்தையதா? இரண்டும் ஒன்றல்ல.

கேப்டன் அமெரிக்காவைப் படைத்த ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் 1947-ல் 'யங் ரொமான்ஸ்' இதழைத் தொடங்கினார்கள். அது விற்ற வேகத்தைப் பார்த்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட காதல் இதழ்கள் கடைகளில் குவிந்தன. அவற்றில் அழுகைக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. அதை மறுக்கவில்லை.

ஆனால் செயின்ட் ஜான் பதிப்பகத்தின் 'டீன்-ஏஜ் ரொமான்சஸ்' இதழை எடுத்துப் பாருங்கள். அதன் கதைகள் பலவற்றை எழுதியவர் டேனா டச். இதழில் அவர் பெயர்கூட அச்சாகவில்லை. வரைந்தவர் மேட் பேக்கர். அமெரிக்க காமிக்ஸ் துறையில் கறுப்பின ஓவியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த காலத்தில் அங்கே நிமிர்ந்து நின்றவர். 37 வயதிலேயே இறந்துபோய்விட்டார்.

டேனா டச்சின் கதைகளில் வரும் பெண்கள் வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் பையனோடு ஊர் சுற்றப் போகிறார்கள். பையனின் லட்சணம் தெரிந்ததும் அவர்களே விலகி வருகிறார்கள். அதற்காக யாரும் அவர்களைச் சீரழித்துக் காட்டுவதில்லை. பெற்றோர் வந்து உபதேசம் செய்து மீட்பதும் அரிது. தவறு செய்தவள் தானே யோசிக்கிறாள், தானே முடிவெடுக்கிறாள். இந்தக் கதைகளைத் தொகுத்து 2003-ல் ஜான் பென்சன் வெளியிட்ட புத்தகத்தின் பெயரே 'கண்ணீர் இல்லாத காதல்' என்ற பொருள் தருவது.

பிறகு 1954 வந்தது. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் புத்தகம் எழுதினார். செனட் குழு விசாரித்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியைப் போட்டுக்கொண்டார்கள். காதல் கதை இல்லறத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும். பெற்றோர் மீது மரியாதையை வளர்க்க வேண்டும். விவாகரத்தை விரும்பத்தக்கதாகக் காட்டக் கூடாது. விதிக்கு உட்பட்டது என்ற முத்திரை அட்டையில் இல்லாத இதழ்களை விநியோகஸ்தர்கள் தொடத் தயங்கினார்கள். வீட்டுக்குத் தெரியாமல் வெளியே போய், தண்டனை இல்லாமல் திரும்பி வரும் பெண்ணுக்கு இந்த விதிக்குள் இடம் ஏது? மிஞ்சியது கண்ணீரும் கல்யாணமும்தான். நீங்கள் குப்பை என்று சொல்வது பெரும்பாலும் தணிக்கை விட்டுவைத்த மிச்சத்தை.

அந்த மிச்சத்தையும் முழுதாக யார் பார்த்தார்கள்? அமெரிக்க ஓவியர் ராய் லிச்டென்ஸ்டைன் 1963-ல் தீட்டிய 'மூழ்கும் பெண்' ஓவியம் உலகப் புகழ் பெற்றது. அது, முந்தைய ஆண்டு 'சீக்ரெட் ஹார்ட்ஸ்' இதழில் டோனி அப்ரூஸோ வரைந்த ஒரு கட்டத்திலிருந்து எடுத்தது. மூலத்தில் அவளுக்குத் தசைப்பிடிப்பு. பின்னால் கவிழ்ந்த படகும் அதைப் பிடித்தபடி காதலனும் உண்டு. லிச்டென்ஸ்டைன் அதையெல்லாம் வெட்டிவிட்டு அழும் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார். காதல் காமிக்ஸ் என்றதும் உலகத்துக்கு நினைவுக்கு வருவது அந்த ஒரு முகம். மூலத்தை வரைந்தவரின் பெயரைக் கேட்பார் இல்லை. இது எனக்கு ஆறாத கோபம்.

செயின்ட் ஜான் இதழ்கள் பல காப்புரிமை காலாவதியாகி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நான்கைந்து படியுங்கள். அதன் பிறகும் எந்தப் பெண் அசடு என்று தோன்றினால், கதையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஒரு வரி வெட்டாமல் வெளியிடுகிறேன்.