ஆங்கில வகுப்பில் ஆக்க எழுத்து: திருகோணமலை ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (உப்புவெளி, தரம் 8 ஆசிரியை): "கடற்கரையில் ஒரு நாள்" என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே கட்டுரையைத்தான் தருகிறார்கள், சேர். அதே நீலக் கடல், அதே அழகான சூரியன்.

பதில்: தலைப்பு பெரிசு டீச்சர், அதுதான் காரணம். பெரிய தலைப்பைக் கண்டதும் பிள்ளை மனப்பாடத்தைத் தேடிப் போகும். கடற்கரையை விட்டுவிட்டு, டவுனில் திரிகிற மானை எடுங்கள். அதைப் பார்க்காத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்காது.

வடிவம் ஐந்து வரிப் பாட்டு. முதல் வரியில் ஒரு பெயர்ச்சொல், இரண்டாவதில் இரண்டு பெயரடைகள், மூன்றாவதில் 'இங்'கில் முடியும் மூன்று சொற்கள், நான்காவதில் நான்கு சொல்லில் ஒரு தொடர், கடைசியில் முதற்சொல்லுக்கு இன்னொரு பெயர். மொத்தம் 11 சொற்கள்தான்.

டியர்
தின், ஃபியர்லெஸ்
சூயிங், ஸ்டேரிங், வெயிட்டிங்
பேப்பர் பேக் ஃபார் லஞ்ச்
நெய்பர்

40 நிமிடப் பாடவேளையில் முதல் 5 நிமிடம் கொப்பி மூடியிருக்கட்டும். மான் என்ன தின்கிறது, காது எப்படி ஆடுகிறது, ஆளைக் கண்டால் ஓடுமா என்று கேளுங்கள். தமிழில் பதில் வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த 10 நிமிடத்தில் அந்தச் சொற்களை ஆங்கிலத்தில் கரும்பலகையில் மூன்று நிரலாகப் போடுங்கள். எழுத 12 நிமிடம், மீதி 13 நிமிடம் வாசித்துக் காட்ட. பியூட்டிஃபுல், நைஸ், வெரி மூன்றுக்கும் அன்று தடை. தடை போடாவிட்டால் இரண்டாவது வரி முழுக்க அவைதான் வரும். இன்னொன்று, மானையும் கடிதத்தில் வரும் 'அன்புள்ள'வையும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதிவிடுவார்கள். இரண்டையும் முதலிலேயே பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டுங்கள்.

கேள்வி (கிண்ணியா): தமிழில் நினைத்து எழுதுவதால்தான் பிழை வருகிறது, வகுப்பில் தமிழே கூடாது என்கிறார்கள். சரியா?

பதில்: தமிழில் நினைப்பதில் தவறே இல்லை. முழு வாக்கியத்தையும் தமிழில் கட்டிவிட்டுச் சொல்லுக்குச் சொல் மாற்றும்போதுதான் சிக்கல். "அம்மா சந்தையில் மீன் வாங்கினா" என்பது "மதர் மார்க்கெட் இன் ஃபிஷ் போட்" ஆகிவிடும், தமிழில் வினை கடைசியில் வருவதால். "அவ டீச்சர்" என்பது "ஷீ டீச்சர்" ஆகும், நமக்கு அங்கே வினையே தேவையில்லாததால். ஆகவே தமிழில் சொற்பட்டியல் மட்டும், வாக்கியம் ஆங்கிலத்தில் என்று பிரித்துக் கொடுங்கள். 'யார் – செய்தார் – எதை – எங்கே' என்ற நான்கு கட்டங்களைப் பலகையின் மூலையில் வரைந்து, தவணை முடியும்வரை அழிக்காமல் விடுங்கள்.

கேள்வி (நிலாவெளி): நாற்பது கொப்பி. கொப்பிக்கு ஆறு நிமிடம் என்றாலும் நான்கு மணித்தியாலம். எப்படித் திருத்துவது?

பதில்: எல்லாவற்றையும் திருத்தாதீர்கள். இந்தக் கிழமை இறந்தகால வினை என்றால் அதை மட்டும் பாருங்கள். அதையும் நீங்கள் சரியாக எழுதிக் கொடுக்காமல், ஓரத்தில் ஒரு குறி மட்டும் இடுங்கள். அந்த வரியில் எது பிழை என்று பிள்ளையே தேடித் திருத்தட்டும். கொப்பிக்கு ஒன்றரை நிமிடம், மொத்தம் ஒரு மணித்தியாலம். எந்தப் பிழையைப் பார்க்கப்போகிறீர்கள் என்பதை எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நன்றாக வந்த ஒரு சொல்லுக்குக் கீழே கோடிடவும் மறக்காதீர்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை கண்ட பிள்ளை அடுத்த முறை தெரிந்த ஐந்து வாக்கியத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

கேள்வி (மூதூர்): என் தரம் 7 பிள்ளைகளுக்கு ஐம்பது ஆங்கிலச் சொல்கூடத் தெரியாது. அவர்களுக்கும் ஆக்க எழுத்தா?

பதில்: அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். ஆனால் வாக்கியச் சட்டத்தை நீங்கள் கொடுங்கள். கன்னியா வெந்நீர் ஊற்றை எடுங்களேன். ஏழு கிணறு, சூடு ஒவ்வொன்றிலும் வேறு. "திஸ் வெல் இஸ் வார்ம். தட் வெல் இஸ் வார்மர் தேன் ___" என்று எழுதி, கோட்டில் கிணற்றைத் தவிர வேறு எதையும் போடலாம் என்று சொல்லுங்கள். அம்மாவின் கை, தேத்தண்ணி, மத்தியான மணல், எதுவும் வரலாம். ஒப்பீட்டு இலக்கணமும் படிந்துவிடும், உவமையும் பிறந்துவிடும். எழுதுமுன் ஒவ்வொருவரும் வாயால் ஒரு தடவை சொல்லட்டும்.

கேள்வி (பெற்றோர்): மகள் தரம் 10. சாதாரண தரப் பரீட்சைக்கு இதெல்லாம் உதவுமா? ரியூசனில் கட்டுரைகளைப் பாடமாக்கச் சொல்கிறார்கள்.

பதில்: உதவும். பாடமாக்கிய கட்டுரை தலைப்புச் சற்று மாறினாலே பொருந்தாது. ஒட்டவைத்த பந்தி திருத்துபவருக்கு உடனே தெரியும்.

கேள்வி (தரம் 11 ஆசிரியர்): கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பக்கம் எழுதுகிறார்கள், கதை மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது.

பதில்: சரியாக 50 சொல்லில் ஒரு முழுக்கதை கேளுங்கள் சேர், ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முதலில் 80 சொல்லில் எழுதட்டும். பிறகு வெட்டட்டும்: காலையில் எழும்பியது, பல் துலக்கியது, பஸ் ஏறியது எல்லாம் தானாகவே விழும். 'சேட்' (சொன்னார்) என்று எழுதியிருந்தால் அதை எடுத்துவிட்டு, அந்த ஆள் கையால் என்ன செய்தார் என்று எழுதச் சொல்லுங்கள். 55இலிருந்து 50க்கு இறக்கும் அந்தக் கடைசி ஐந்து சொல்லில்தான் பிள்ளை சொல்லை நிறுத்துப் பார்க்கும், அதற்கு முழுதாக ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.