பீலித் தண்ணியில டீசல் வாசம்

கேள்வி: எங்க லயத்துக்கு மேல லொறி நிப்பாட்டுற ஷெட்டுல டீசல் பீப்பா ரொம்ப நாளா ஒழுகியிருக்கு, யாரும் கவனிக்கல. இப்ப பீலியில தண்ணி புடிச்சாலே டீசல் வாசம். டவுன் கடையில கக்கூஸ் குழிக்குப் போடுற பக்டீரியா தண்ணி போத்தல்ல விக்கிறாங்க, அதைக் கொண்டாந்து ஊத்துக்கண்ணுல ஊத்துனா எண்ணெயைத் தின்னுடும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரு. ஊத்தலாமா?
- வாசகி, பண்டாரவளை

பதில்: ஊத்தாதீங்க அக்கா. அண்ணன் சொன்னதுல பாதி சரி, டீசலைத் தின்ற பக்டீரியா இருக்கு, ஆனா அதைக் கடையில வாங்கத் தேவையில்ல, உங்க ஷெட்டுக்குக் கீழ மண்ணுலயே ஏற்கனவே கோடிக்கணக்குல கெடக்கு. அதுக்கு இல்லாதது மூச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு லீட்டர் டீசல் முழுசா அழியணும்னா கிட்டத்தட்ட 3 கிலோ ஒட்சிசன் வேணும், ஒரு லீட்டர் தண்ணியில கரைஞ்சிருக்கிறதோ நிறைஞ்சா 9 மில்லிகிராம் அளவுதான், அப்ப ஒரே ஒரு லீட்டர் டீசலுக்கு 3 லட்சம் லீட்டர் தண்ணியோட ஒட்சிசன் போகும்! இதுல இன்னும் பத்துக் கோடி பக்டீரியாவைக் கொண்டு போய்க் கொட்டுனா, சோறு இருக்கு காத்து இல்லங்கிற ரூமுக்குள்ள இன்னும் ஆள அடைச்ச கதைதான். அதுவும் கக்கூஸ் குழிக்குச் செஞ்சது குடிக்கிற ஊத்துக்கு எதுக்கு?

1970கள்ல அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல ஆம்ப்ளர்ங்கிற ஊர்ல குழாய் ஒழுகி பெற்றோல் நிலத்தடித் தண்ணியில கலந்துடுச்சு. ரிச்சர்ட் ரேமண்ட்னு ஒருத்தரும் அவரோட ஆளுங்களும் முதல்ல பம்ப் போட்டு எடுக்க முடிஞ்ச பெற்றோலை எடுத்தாங்க, அப்புறம் கெணறு வழியா காத்தும் நைதரசன், பொஸ்பரஸ் சத்தும் உள்ள அனுப்புனாங்க, மிச்ச வேலையை அங்க இருந்த பக்டீரியாவே பார்த்துச்சு. நாம செடிக்கு உரம் போடுற மாதிரிதான். ஆனா நம்ம மலையில தண்ணி பாறை வெடிப்புக்குள்ள பூந்து எங்கெங்கயோ போகும், காத்தை எங்க அனுப்புறதுன்னு கண்டுபுடிக்கிறதே பெரிய பாடு.

அதனால மொதல்ல பீப்பாவை அங்கருந்து தூக்க வைங்க, டீசல் ஊறுன மண்ணை வெட்டி எடுக்கச் சொல்லி தோட்டத்து ஒப்பீசுல எழுத்துல குடுங்க, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாகிட்டயும் சொல்லி தண்ணியை சோதிக்கக் கேளுங்க. வெட்டுன மண்ணைக் குவிச்சுக் கிளறிக் கிளறி விட்டா காத்துப் பட்டு பக்டீரியா மெதுவா அதைத் தின்னும், ஆனா மழைத் தண்ணி படாத மாதிரி மேலயும் கீழயும் படங்கு போடணும். அதுவரைக்கும் அந்தப் பீலி குடிக்கவும் வேணாம், சமைக்கவும் வேணாம். கொதிக்க வச்சா சரியாகிடும்னு நெனைக்காதீங்க, குளோரின் போட்டாலும் டீசல் போகாது. வாசம் கொறைஞ்சதும் திரும்பப் புடிக்க ஆரம்பிச்சிடாதீங்க, மண்ணுல ஒட்டிக்கிட்டு இருக்கிறது அடுத்த மழைக்கு எறங்கி வரலாம்.

கேள்வி: அப்ப வெளியில இருந்து பக்டீரியா கொண்டு போய் விடுறதே இல்லையா சேர்?
- உயர்தர மாணவன், ஹட்டன்

பதில்: விடுவாங்க தம்பி. துணிக்கு டிரை கிளீனிங் பண்ற ரசாயனம் நிலத்தடிக்குப் போனா அதுல இருக்கிற குளோரினை ஒவ்வொண்ணா கழட்டணும், அதைக் கடைசி வரைக்கும் கழட்டத் தெரிஞ்சது டீஹலோகொக்கொய்டிஸ்ங்கிற கூட்டம். 1997ல கழிவுநீர்ச் சேத்துல இருந்து பிரிச்செடுத்தாங்க. டீசல் தின்றதுக்கு நேர் எதிர், இதுக்கு ஒட்சிசன் ஆகவே ஆகாது. எல்லா இடத்துலயும் இருக்காதுங்கிறதால இதை வளர்த்து கொண்டு போய் விடுறாங்க. பாதியில நின்னா வைனைல் குளோரைட்னு புற்றுநோய் வரவைக்கிற ஒண்ணு தேங்கிடும், அதான் வேலை முடியிற வரைக்கும் தண்ணியை சோதிச்சுக்கிட்டே இருக்காங்க.

கேள்வி: எங்க ஊத்துல வானவில் மாதிரி படலம் மெதக்குது, அடியில செவப்பா வழுவழுன்னு இருக்கு, வாசம் இல்ல. இதுவும் டீசலா?
- வாசகர், ஹப்புத்தளை

பதில்: ஒரு குச்சியால படலத்தைக் கிழிச்சுப் பாருங்க. கண்ணாடித் துண்டு மாதிரி உடைஞ்சு அப்படியே நின்னா அது பெரும்பாலும் இரும்பு பக்டீரியா வேலை, செவப்பும் அதுதான், தண்ணியில கரைஞ்சிருக்கிற இரும்பைத் துருவாக்கி விடுது. சுழிச்சிக்கிட்டு மறுபடி ஒட்டிக்கிட்டா எண்ணெய், அப்ப மேல அக்காவுக்குச் சொன்னதையே நீங்களும் செய்யுங்க.