வெண்பலகைச் செயலியில் காணாமற்போன தவளை

கேள்வி: எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் 10 கணினிகளே உள்ளன, எட்டாம் வகுப்பிலோ 40 மாணவர்கள். முன்பு கூகுள் ஜாம்போர்டு என்னும் இணைய வெண்பலகையில் குழுவாக வரையச் செய்தேன். அது நின்றுபோன பின் எதைப் பயன்படுத்தலாம்? ஒரு குழு வரைந்ததை இன்னொரு குழு அழித்துவிடுவதால் பாதி வகுப்பு பஞ்சாயத்திலேயே கழிந்துவிடுகிறது. அதற்கு என்ன வழி?
— அறிவியல் ஆசிரியை ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31 அன்று முற்றிலும் மூடப்பட்டது. பள்ளிக்கு ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365 கணக்குகள் இருந்தால் அந்நிறுவனத்தின் ஒயிட்போர்டு செயலியே போதும். இல்லையெனில் எக்ஸ்காலிட்ரா என்னும் திறமூலச் செயலியையே நான் பரிந்துரைப்பேன். மாணவர்கள் பெயரோ மின்னஞ்சலோ தர வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பும் பலகையின் இணைப்பை (லிங்க்) உலாவியில் திறந்தாலே வரையத் தொடங்கலாம். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகளாகவே கருதுவதால், இவ்வசதி சிறியதன்று. ஆனால் அந்த இணைப்பு கிடைத்த எவரும் பலகையில் கைவைக்கலாம் என்பதால், அதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

பஞ்சாயத்துக்குக் காரணம் செயலியன்று, எல்லை வகுக்காத பலகை. வயலின் உணவு வலையை வரையச் சொல்லி, வெற்றுப் பலகை ஒன்றை நானும் ஒருமுறை வகுப்பிடம் கொடுத்தேன். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு குழுவின் தவளையைக் காணவில்லை. யார் அழித்தார்கள் என்பதில் தொடங்கிய வாக்குவாதம் மணி அடிக்கும்வரை ஓயவில்லை. மறுவாரம் குழுவுக்கு ஒன்றாகக் கட்டங்கள் வரைந்து, தலைப்பில் குழுவின் எண்ணை எழுதி, அவற்றை நகர்த்த முடியாதபடி பூட்டிவைத்தேன். உங்கள் 10 கணினிகளைக் குறையாக எண்ணாதீர்கள். கணினிக்கு நால்வர் என்றால் ஒருவர் வரைய, மற்ற மூவரும் சொல்லவும் மறுக்கவும் வேண்டியிருக்கும். அந்தப் பேச்சுதான் பாடம். சுட்டியை (மவுஸ்) ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றச் செய்யுங்கள். இல்லாவிட்டால் வகுப்பின் கெட்டிக்காரரே கடைசிவரை விடமாட்டார்.

முதல் பத்து நிமிடம் காகிதத்தில் வரையட்டும். பிறகு பலகையில் எல்லாக் குழுக்களின் படங்களும் அருகருகே தெரியும்போது பிழை தானாக வெளிப்படும். அன்று இரண்டு குழுக்கள் பாம்பிலிருந்து தவளைக்கு அம்புக்குறி இட்டிருந்தன. உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கியே அம்பு செல்ல வேண்டும் என்பதைப் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து அவர்களே திருத்திக்கொண்டார்கள். இதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். படம் அழகாக வருவதற்காக அன்று.

வகுப்பு முடிந்ததும் பலகையைக் கோப்பாகக் கணினியில் சேமித்துவிடுங்கள். முதல் வகுப்புக்கு முந்தைய நாளே எல்லாக் கணினிகளிலும் தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99 விசைப்பலகையை இயக்கிவையுங்கள். இல்லாவிட்டால் சுட்டியால் ‘வெட்டுக்கிளி’ என்று எழுத முயன்றே ஒரு குழுவின் நேரம் முழுவதும் போய்விடும்.