கொம்பு முன்னால் நிற்கிறது

வணக்கம் ஐயா. என் மகனுக்கு 14 வயது. ஒன்பதாம் வகுப்பு, தமிழ்வழி. வாசிப்பதில் கற்றல் குறைபாடு இருப்பதாகப் போன வருடம் சோதித்துச் சொன்னார்கள். ‘பத்தாவதுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறது பள்ளி. வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் சாரிடம் இவன் வாயே திறப்பதில்லை. பள்ளியை நிறுத்திவிட்டு முழு நேரமும் வீட்டிலேயே டியூஷன் வைக்கலாமா? பாடம் நடக்கும்போது நான் பக்கத்தில் உட்கார வேண்டுமா?

ஓர் அம்மா, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளியை நிறுத்தாதீர்கள். இந்த வயதில் மத்தியானம் டிபன் பாக்ஸைப் பிரித்துச் சேர்ந்து சாப்பிட நாலு பேர் வேண்டும். பள்ளி அப்படிச் சொல்வதும் தவறு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. இதைக் காரணம் காட்டி ஒதுக்க அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கு அந்தச் சட்டம் இடம் தரவில்லை. அவர்கள் சொன்னதை எழுத்தில் கேளுங்கள்.

சரி, டியூஷனுக்கு வருகிறேன். என் அக்கா மகனுக்கும் இதே சிரமம்தான். எட்டாவது முதல் பத்தாவது வரை வாரம் 4 நாள் நான்தான் வீட்டில் சொல்லிக்கொடுத்தேன். முதல் மூன்று மாதம் பள்ளியில் நடப்பதையே திரும்ப நடத்தினேன்: புத்தகத்தைத் திற, வாசி, பதில் எழுது. அவனும் வாய் திறக்கவில்லை. வகுப்பில் நாற்பது பேருக்கு நடுவே ஒளிந்துகொள்ளவாவது இடம் இருக்கிறது. வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் ஒவ்வொரு தடுமாற்றமும் பளிச்சென்று தெரியும். மீசை அரும்பும் வயதில் அது எவ்வளவு அவமானம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒருநாள் பாடத்தை மூடிவைத்துவிட்டு, அவன் எங்கே நிற்கிறான் என்று மட்டும் பார்த்தேன். ‘படம்’, ‘பட்டம்’ எல்லாம் ஓடின. ‘கொடி’, ‘மேடு’ வந்ததும் நின்றுவிட்டான். எழுதிப் பாருங்கள், தெரியும். ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ ‘க்’குக்குப் பின்னால்தான் வருகிறது. ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம். நாம் சின்ன வயதிலேயே பழகிவிட்டோம். அவன் ஒவ்வொரு முறையும் அந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கொம்பு வரும் சொற்களை அட்டைகளில் எழுதி, தினம் பத்து நிமிடம் அவை மட்டும் என்று வைத்துக்கொண்டோம். மீதி அரை மணி நேரம் நான் பாடத்தை வாசிப்பேன், அவன் வாயால் பதில் சொல்வான். மின்காந்தத் தூண்டலைப் பக்கத்துக் கடையில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் (காயில்) கட்டுவதை வைத்து எனக்கே விளக்கினான். அவ்வளவு புரிந்துவைத்திருந்த பையனைத்தான் மூன்று மாதம் எழுத்துக்கூட்ட வைத்திருந்தேன்.

ஒருவருக்கு ஒருவர் உட்காருவதே இதற்காகத்தான். போர்ஷன் முடிக்க அல்ல. உங்கள் சாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு ஒத்துவராவிட்டால் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சிறப்பாசிரியரைப் பற்றி விசாரியுங்கள். தனியாக ஒருவரை வைப்பதானால், சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பலரும் கோட்டை விடும் ஒன்று. பத்தாம் வகுப்புத் தேர்வில் இவனைப் போன்றவர்களுக்கு ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக 1 மணி நேரம் என்று சலுகைகள் உண்டு. சான்றிதழோடு தலைமை ஆசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் சொல்வதை எழுதுபவர் கிடைத்தால் மட்டும் போதாது. முன்பின் தெரியாத ஒருவரிடம் முழு விடையை வரிசையாக, அவர் எழுதும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்வது தனிப் பயிற்சி. என் அக்கா மகன் முதலில் இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. ஆறு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் சொல்ல, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் எழுதினாள். உங்கள் மகனுக்கு ஒன்பதாவதிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.

பக்கத்தில் உட்காராதீர்கள். அவன் தயங்கும்போது உங்கள் முகம் வாடும், அவன் அதைத்தான் பார்ப்பான். கதவு திறந்திருக்கட்டும், நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். எந்த நேரம், எந்தப் பாடம் முதலில் என்பதை மட்டும் அவனே சொல்லட்டும்.

அன்புடன்.