வீட்டு வருமானம் நம் நாக்கைப் பழக்கும் விதம்

"சிறுவயதுச் சூழலும் குடும்பத்தின் பணநிலையும் ஒருவருக்கு எந்த உணவு பிடிக்கும், எது பிடிக்காது என்பதைத் தீர்மானிக்குமா? பெரியவரான பிறகும் அது தொடருமா?" என்பது கேள்வி.

தீர்மானிக்கும், தொடரவும் செய்யும். ஆனால் 'மலிவானதைச் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு மலிவானது பிடிக்கும், வசதியாக வளர்ந்தவருக்கு விலை கூடியது பிடிக்கும்' என்று நேராகக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். நான் பார்த்த வரையில் பணம் வேறு வழியாக நாக்குக்கு வந்து சேர்கிறது. ஒரு வீட்டில் எவ்வளவு சாப்பாடு வீணாகலாம், ஒரு குழந்தை எத்தனை தடவை 'வேண்டாம்' என்று தட்டைத் தள்ளலாம் என்பதற்கு அந்த வீட்டின் வருமானம் ஓர் எல்லை போடுகிறது. நமக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி அந்த எல்லைக்குள் உருவானது.

எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகப் பிறக்கும்போதே கூட வருவது கொஞ்சம்தான். இனிப்பு பட்டால் பச்சைக் குழந்தை சப்புக்கொட்டும், கசப்பு பட்டால் முகத்தைச் சுளிக்கும். மீதியில் பழக்கத்துக்குப் பெரிய பங்குண்டு. அந்தப் பழக்கம் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சுவை, மணம் பற்றி ஆராயும் மோனெல் மையத்தைச் சேர்ந்த ஜூலி மெனெல்லாவும் அவர் குழுவினரும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில தாய்மார்கள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் கேரட் சாறு குடித்தார்கள், சிலர் பால் கொடுக்கும் மாதங்களில் குடித்தார்கள், இன்னும் சிலர் இரண்டு காலத்திலும் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறகு குழந்தைகளுக்கு கேரட் கலந்த கூழ் ஊட்டியபோது, வயிற்றிலோ தாய்ப்பாலிலோ அந்தச் சுவையை ஏற்கெனவே சந்தித்த குழந்தைகள் குறைவாகவே முகம் சுளித்தார்கள். அம்மா சாப்பிடுவது குழந்தைக்கும் போகிறது என்று பெரியவர்கள் சொல்வது சத்துக்கு மட்டுமல்ல, ருசிக்கும் பொருந்துகிறது. அந்த அம்மா அந்த மாதங்களில் என்ன சாப்பிட முடிந்தது என்பதில் வீட்டுப் பணம் வந்துவிடுகிறது, இல்லையா? முதல் வாய் ஊட்டுவதற்கு முன்பே கணக்கு தொடங்கிவிடுகிறது.

அடுத்த கட்டம்தான் முக்கியமானது என்று நினைக்கிறேன். ஏறக்குறைய இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை குழந்தைகள் புது உணவைக் கண்டாலே ஒதுங்குவார்கள். அது இயல்பான வளர்ச்சி, பிடிவாதம் என்று திட்ட வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் லீயன் பர்ச் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவருடைய வேலையும் அதையொட்டி வந்த ஆய்வுகளும் சொல்வது இது: ஒரு புது உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ள, வற்புறுத்தாமல் எட்டிலிருந்து பதினைந்து தடவை வரை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். குழந்தை வளர்ப்பு பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இதை மேற்கோள் காட்டுவார்கள். 'பொறுமையாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்' என்பார்கள்.

சரி, அந்தப் பதினைந்து தடவையும் துப்பப்பட்ட சாப்பாட்டுக்கு யார் காசு கொடுப்பது?

இந்தக் கேள்வியை ஆய்வாகச் செய்தவர் கெய்ட்லின் டேனியல் என்ற அமெரிக்க சமூகவியலாளர். பாஸ்டன் பகுதியில் குழந்தைகள் உள்ள குடும்பங்களோடு பேசியும், கடைக்குக் கூடவே போய்ப் பார்த்தும் 2016இல் ஒரு கட்டுரை எழுதினார். வசதியான பெற்றோர் குழந்தை ஒதுக்கினாலும் மறுபடி வாங்கினார்கள். வருமானம் குறைந்த பெற்றோர் குழந்தை நிச்சயம் சாப்பிடும் என்று தெரிந்ததையே வாங்கினார்கள். காய்கறியின் அருமை தெரியாமல் அல்ல. குழந்தை சாப்பிடாமல் போனால் அந்தக் காசும் போகும், பதிலுக்கு வேறு ஏதாவது கொடுக்க இன்னொரு செலவும் வரும். காய்கறியின் விலை என்று நாம் பார்ப்பது கடையில் எழுதியிருக்கும் விலையை. அந்தத் தாய் பார்ப்பது, அது குழந்தைக்குப் பழகும் வரை ஆகப்போகிற மொத்தச் செலவை.

இதைப் படித்தபோது எனக்கு என் அம்மாவின் குரல் கேட்டது. எங்கள் அப்பாவுக்கு வேலை இருந்த மாதமும் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. அப்பா கையில் கொஞ்சம் பணம் வந்த உற்சாகத்தில் புதிதாக ஏதாவது ஒரு பழமோ காயோ வாங்கி வந்துவிடுவார். அம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பதற்றம்தான் அதிகம் வரும். "பிள்ளைங்க சாப்பிடுவாங்களான்னு தெரியாம எதையும் வாங்கிட்டு வராதீங்க" என்பார். ஏன் இப்படிக் கட்டுப்பெட்டியாக இருக்கிறார் என்று சின்ன வயதில் தோன்றும். அம்மாவின் அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் வீட்டு வரவு செலவு முழுவதும் இருந்தது. தெரிந்த ஏழெட்டுப் பதார்த்தங்களே எங்கள் வீட்டில் சுற்றிச் சுற்றி வந்தன. இன்றைக்கும் புது உணவகம் ஒன்றுக்குப் போனால் நான் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கேட்பேன். ருசி பார்க்கும் ஆசை இல்லாமல் இல்லை. பிடிக்காமல் போனால் காசு வீண் என்ற எண்ணம் ஆசையை முந்திக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு பக்கமும் உண்டு. காசு இல்லாத வீடுகளில் சில சமயம் இனிப்பும் பொரித்த தின்பண்டமும் தாராளமாகப் புழங்குவதைப் பார்த்துப் பலர் முகம் சுளிப்பார்கள். பிரியா ஃபீல்டிங்-சிங் என்ற சமூகவியலாளர் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பல வருமான நிலைகளில் உள்ள குடும்பங்களோடு பேசி 2017இல் எழுதியது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. வறுமையில் உள்ள பெற்றோர் குழந்தை கேட்பதற்கெல்லாம் நாள் முழுக்க 'இல்லை' என்றே சொல்ல வேண்டியிருக்கிறது: புது செருப்பு இல்லை, சுற்றுலா இல்லை, அந்தப் பொம்மை இல்லை. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஒரு பாக்கெட் தின்பண்டத்துக்குத்தான் 'சரி, வாங்கிக்கொள்' என்று சொல்ல முடிகிறது. வசதியானவர்கள் அதே பாக்கெட்டை மறுப்பதைத் தங்கள் பொறுப்பாகப் பார்க்கிறார்கள், மற்ற எத்தனையோ விஷயங்களுக்கு அவர்களால் 'சரி' சொல்ல முடிவதால். அந்தப் பாக்கெட்டைத் தின்று வளர்ந்த குழந்தை பெரியவனாகிக் களைத்துப்போய் வீடு திரும்பும் ஒரு நாளில் எதைத் தேடுவான்? தனக்கு 'சரி' என்று சொல்லப்பட்ட அந்த ருசியைத்தான். சத்து அட்டவணையைக் காட்டி அந்த விருப்பத்தை மாற்ற முடியாது.

கிடைக்காத பொருளின் மேல் வரும் ஆசை தனி விஷயம். ஜெனிஃபர் ஃபிஷரும் லீயன் பர்ச்சும் 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாலர் பள்ளிக் குழந்தைகளின் கண்முன்னே ஒரு தின்பண்டத்தை வைத்து, எடுக்கக் கூடாது என்று தடுத்தார்கள். அந்தப் பண்டத்தின் மேல் குழந்தைகளின் பேச்சும் கவனமும் கூடியது. அனுமதி கிடைத்ததும் அதையே அதிகம் எடுத்தார்கள். அங்கே தடுத்தவர்கள் ஆய்வாளர்கள். பல வீடுகளில் அந்த வேலையை வருமானம் செய்கிறது. எங்கள் வீட்டில் அது முட்டை. ஒரு முட்டையைப் பாதியாக வெட்டி எனக்கும் அக்காவுக்கும் வைப்பார் அம்மா. இன்று சம்பாதிக்கிறேன், எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனாலும் வீட்டில் முட்டை தீர்ந்துவிட்டது என்று தெரிந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

இந்தத் தொடர்ச்சியைப் பற்றி சாரா ஹில் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வசதியாக வளர்ந்தவர்கள் பசித்தால் அதிகமாகவும் பசிக்காவிட்டால் குறைவாகவும் சாப்பிட்டார்கள். வறுமையில் வளர்ந்தவர்களோ பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு சாப்பிட்டார்கள். இப்போதைய வருமானத்தைவிட சிறுவயது நிலைதான் அங்கே கணக்கில் வந்தது. 'இருக்கும்போது சாப்பிட்டுவிடு, அடுத்த வேளை எப்படியோ' என்பது உடம்பு கற்றுக்கொண்ட பாடம். என் கணவர் வளர்ந்த வீட்டில் "பிடிக்கலைன்னா விட்டுடு" என்று சர்வசாதாரணமாகச் சொல்லுவார்கள். அவரால் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட முடிகிறது. அந்த மீதியைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, எடுத்துச் சாப்பிட்டுவிடுகிறேன். திருமணமான புதிதில் இது எங்களுக்குள் உரசலாகவே இருந்தது. அவருக்கு அது வெறும் மீதி, எனக்கு ஒருவருடைய உழைப்பு.

அப்படியானால் ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரே ருசி இருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். இருப்பதில்லை. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உணவு விருப்பத்தில் உள்ள ஒற்றுமை நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்பதை பால் ரோசின் என்ற உளவியலாளர் ஒரு புதிராகவே எடுத்துப் பேசியிருக்கிறார். இதில் மரபணுவுக்கும் பங்குண்டு. சில கசப்புகளை ஒருவர் நாக்கு பளிச்சென்று உணரும், இன்னொருவருக்கு அது தெரியவே தெரியாது. 'டாஸ்2ஆர்38' என்ற மரபணுவின் வேறுபாடு இதற்கு ஒரு காரணம். பிரிட்டனில் இரட்டையரை வைத்து நடந்து 2007இல் வெளியான ஆய்வில், புது உணவுக்கு அஞ்சும் இயல்பில் குழந்தைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 78 சதவீதம் மரபுவழி என்று கணக்கிட்டார்கள். ஆகவே பிள்ளை சாப்பிடாததற்குத் தாயை மட்டும் குற்றம் சொல்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

ஆனால் மரபணு சொல்லாத ஒன்றை என் அக்காவிடம் பார்த்தேன். மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் உருளைக்கிழங்குதான். அவித்தும் வதக்கியும் ஓட்டுவார் அம்மா. எனக்கு இன்றும் உருளைக்கிழங்கு என்றால் உயிர். அக்கா அதைத் தொடுவதே இல்லை. இருவரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டோம். நான் சின்னவள், அம்மாவை ஒட்டி உட்கார்ந்து சூடாக வாங்கிச் சாப்பிட்டவள். மூத்தவளான அக்காதான் கடையில் கடன் சொல்லி அந்தக் கிழங்கை வாங்கி வந்தவள். நாலு பேர் நிற்கும்போது கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்பதை அவள் காதால் கேட்டிருக்கிறாள். எனக்குக் கிழங்கு கிழங்காகவே இருந்தது, அவளுக்கு அதில் அந்த நாட்களும் சேர்ந்திருந்தன. குடும்பம் கஷ்டத்தில் இருந்தது என்பதைவிட, அந்தக் கஷ்டம் எந்த வயதில் யாருக்குத் தெரிந்தது என்பதுதான் இங்கே முடிவு செய்திருக்கிறது.

அவமானத்துக்கு இவ்வளவு வலு இருப்பதற்குக் காரணம், உணவு வகைகளுக்கு நாம் அந்தஸ்து ஒட்டிவைத்திருப்பதுதான். அந்த அந்தஸ்தோ மாறிக்கொண்டே இருக்கிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் தவிட்டைச் சலித்து எடுத்த வெள்ளை மாவு ரொட்டி பணக்காரர்களுடையது, கறுத்த முரட்டு ரொட்டி ஏழைகளுடையது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுழலும் உருளைகளுக்கு இடையே கோதுமையை அரைக்கும் ஆலைகள் வந்து வெள்ளை மாவை மலிவாக்கின. பின்னாளில் தவிடு நீக்காத ரொட்டி வசதியானவர்களின் ஆரோக்கிய உணவாகிவிட்டது. ரொட்டியின் ருசி தலைகீழாகவில்லை, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆட்கள்தான் மாறினார்கள். பள்ளியில் மதிய உணவு டப்பாவை மூடியால் பாதி மறைத்தபடி சாப்பிட்ட பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

பெரியவரான பிறகு மாற்ற முடியுமா? முடியும். நாக்கு எந்த வயதிலும் பழகும். வற்புறுத்தல் மட்டும் உதவாது. 'இதைச் சாப்பிட்டால் அது தருவேன்' என்று பேரம் பேசி ஊட்டப்பட்ட உணவு குழந்தைக்கு முன்னைவிடக் கசந்துபோகிறது என்று பர்ச் 1984லேயே காட்டியிருக்கிறார். பெரியவர்களும் அப்படித்தான் என்பது என் அனுபவம். புது உணவை எனக்குப் பழக்கியது தோழிகளின் வீட்டுச் சாப்பாடு. அவர்கள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்ப்பேன். பிடிக்கவில்லையென்றால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த 'நஷ்டமில்லை' என்ற நிம்மதி கிடைத்த இடத்தில்தான் என் நாக்கு கொஞ்சம் துணிந்தது.

அதனால்தான் குழந்தைகள் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. பழகும்வரை கொடுத்துப் பார்க்கும் அந்தப் பத்துப் பதினைந்து தடவைகளின் செலவை ஏழை வீட்டின் தலையில் வைத்துவிட்டு, 'பிள்ளைகளுக்குக் காய்கறி பழக்குங்கள்' என்று அறிவுரை சொல்வது நியாயமில்லை. அந்தச் செலவைப் பொதுப் பணத்தில் ஏற்க முடியும். இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளில் நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் தினம் ஒரு பழமோ காயோ இலவசமாகக் கொடுக்கும் திட்டம் 2004லிருந்து இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2009இல் இப்படிப்பட்ட பள்ளிப் பழத் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளியில் ஒரு குழந்தை துண்டுப் பழத்தைக் கடித்துப் பார்த்து வேண்டாமென்று வைத்தால் அன்றைக்கு யார் வீட்டிலும் இரவுச் சாப்பாடு குறையாது. மறுநாளும் அதைக் கொடுத்துப் பார்க்கலாம், அதற்கு மறுநாளும்.